மூடாமல் விட்டிருக்கக்கூடியவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம் என்றும் சேர்த்து எழுதினால் அது பொய்யாகிவிடும், அதனால் உடம்போடு நிறுத்திக்கொள்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்கவேண்டும், உன் இருமல் நின்றிருக்கவேண்டும், அதைத்தான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். யாரோ உன் ஃபோனுக்கு அனுப்பிய இங்கிலீஷ் செய்தியில், ஐஸ் ஃபேக்டரியில் வால்வை மூடாமல் விட்டுப்போன ஆபரேட்டர் என்று போட்டிருக்கிறதே, அது அப்பாவா, அப்பாதான் மூடாமல் விட்டாரா என்று கேட்டிருக்கிறாய். ஃபோனில் சொல்லலாம் என்றால் இந்த இரண்டு அறை வீட்டில் நான் எங்கே நின்று பேசினாலும் அவர் காதில் விழும். அதனால் என் இங்கிலீஷ் வகுப்புக்குச் சீக்கிரம் வந்து, மாணவர்கள் வருவதற்குள் காலி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அன்று அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் மெஷின் ரூமில் அம்மோனியா தொட்டியின் அடியில் தேங்கியிருக்கும் எண்ணெயை வடித்துவிட்டு, அடியிலிருக்கும் சின்ன வால்வை இறுக்கி மூடவேண்டும், கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் பின்னாலேயே கேஸ் வந்துவிடும். மதிய ஷிஃப்டுக்கு வந்தது நெட்டையன், நம் பழைய ஃபிரிட்ஜைத் தனியாளாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தாரே, அவர்தான். தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தவருக்கு முகத்தில் கேஸ் அடித்துவிட்டது. கூட இருந்தவர்கள் இழுத்துக்கொண்டு வந்து குழாயடியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை, இடது கண்ணும் தப்பித்தது. வலது கண் தப்பவில்லை, இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. விசாரணையில் அப்பாவைக் கேட்டார்கள், வால்வை மூடினீர்களா என்று. "தினமும் மூடுறேன். அன்னைக்கு மூடுனது ஞாபகத்துல இல்ல" என்று சொல்லியிருக்கிறார். தினமும் செய்கிற வேலை கைக்குத்தானே தெரியும், வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைக்குப் போனதும் பூட்டினோமா என்று நமக்கே வருமே, அதுபோல. வால்வே தேய்ந்துபோய்க் கசிந்திருக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். ஆனால் ஐஸ் உருகிவிடும் என்ற அவசரத்தில் பழைய வால்வைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிட்டுப் புதிதை மாட்டிவிட்டார்கள். இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அதை முதலில் நீ புரிந்துகொள்.

விசாரணை அறிக்கையின் நகலை அப்பா கையில் கொடுத்து, படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருந்தார்கள். என்னிடம் நீட்டி, "ஒரு தடவ படிச்சுச் சொல்லு, சரியாத்தான் இருக்கும்" என்றார். அதில் ஒரு வரி, "த ஆபரேட்டர் ஹூ லெஃப்ட் த வால்வ் ஓப்பன் வாஸ் ஆன் த மார்னிங் ஷிஃப்ட்", வால்வை மூடாமல் விட்ட ஆபரேட்டர் காலை ஷிஃப்டில் இருந்தார் என்று. சாதாரணமாகப் படித்தால் அந்த ஆள் காலை ஷிஃப்டில் இருந்தார் என்பதுதான் சேதி, அப்பாவும் ஆமாம், காலை ஷிஃப்டில்தான் இருந்தேன் என்று தலையாட்டிவிடுவார். ஆனால் நடுவில் அந்த "ஹூ" ஒரு பெரிய விஷயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது பார்த்தாயா. மூடாமல் விட்டவர் யார் என்று யாரும் கேட்கவில்லை, அது தீர்ந்துபோன கதை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தமிழிலும் அப்படித்தான், மூடாமல் விட்டவர் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சந்தேகத்துக்கு இடம் வைக்கவேண்டும் என்றால் மூடாமல் விட்டிருக்கக்கூடியவர் என்று நாம் இழுத்துச் சொல்லவேண்டும், இங்கிலீஷில் "மே" என்று பொடி வார்த்தை ஒன்றை நுழைத்து "ஹூ மே ஹேவ் லெஃப்ட்" என்றால் போதும், ஒரு மனுஷன் மூச்சுவிட இடம் கிடைக்கும். இதை அப்பாவுக்கு விளக்கும்போது என் வகுப்பு ஞாபகம் வந்தது. போன மாதம் ஒரு தையல்காரம்மா தன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து, மரியாதையாகச் சொல்வதாக நினைத்து, "திஸ் இஸ் த மேன் ஹூ மே பி மை ஹஸ்பண்ட்" என்றார். பின் பெஞ்சில் படிக்கிற டாக்ஸிக்காரர் சிரித்த சிரிப்பில் பெஞ்சே ஆடியது. நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டே கரும்பலகையில் "மே" என்றால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று எழுதிப்போட்டேன். அந்த வார்த்தை இப்படி வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும் என்று யார் கண்டது.

கையெழுத்துப் போடாமல் அப்பா திருப்பிக் கொடுத்தார். விசாரணை அதிகாரி கொஞ்சம் இறங்கிவந்து "ப்ராபப்ளி" என்று ஒன்று சேர்த்துத் தருகிறேன் என்றாராம், "ஹூ ப்ராபப்ளி லெஃப்ட்". அது தராசில் விரலை வைத்துவிட்டு நிறுப்பது மாதிரி, பெரும்பாலும் இவர்தான் என்று ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இன்னொரு பக்கம் யூனியன் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார், அவர் எழுதிக்கொண்டு வந்தது "ஹூ குட் நாட் ஹேவ் லெஃப்ட்", விட்டிருக்கவே முடியாதவர் என்று. கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம் சேர்ந்து, இவர் "எ மேன் ஹூ நெவர் ஃபர்கெட்ஸ்" என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதைப் படித்துச் சொன்னதும் அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. "நெவரா? போன வாரம் குடைய பஸ்ல விட்டுட்டு வந்தவன் நான். மறக்கவே மாட்டேன்னு எப்படிச் சொல்றது" என்றார். செயலாளர் என்னைப் பார்த்தார். நானும் அவர் பக்கம்தான் பேசினேன், உன்னிடம் எதற்கு மறைக்கவேண்டும். வேலை போய்விடும், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்கிற பயம் எனக்கு. "தெரியாதப்போ நமக்குச் சாதகமாச் சொன்னா என்ன தப்பு, அவங்க மட்டும் தெரிஞ்சா எழுதுனாங்க" என்று கேட்டேன். "அவங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாததத் தெரியாதுன்னுதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் இந்த வீட்டில் பாத்திரம்தான் பேசிக்கொண்டிருந்தது, எங்களுக்குள் பேச்சில்லை.

அப்படி இருக்கையில்தான் நெட்டையன் மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, உட்காரச் சொன்னதற்கு உட்காரவும் இல்லை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "அண்ணே, நீங்கதான் மூடாம விட்டீங்களா" என்று நேரே கேட்டுவிட்டாள். நான் சமையலறையிலிருந்து கண்ணைக் காட்டுகிறேன், சொல்லிடாதீங்க சொல்லிடாதீங்க என்று. அப்பா எழுந்து நின்றார். "மூடாம விட்டிருக்கலாம்மா. மூடியும் இருக்கலாம். சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா வெளிய வர்றதுக்கு முன்னாடி இன்னொரு தடவ கை வச்சுப் பாத்திருக்கணும். பாக்கல. அது மட்டும் நல்லாத் தெரியும்" என்றார். அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "எல்லாரும் எங்ககிட்ட, அவங்கவங்க காரணம் இல்லன்னு சொல்றதுக்குத்தான் வந்தாங்க" என்றாள். திட்டவில்லை, அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டாள், குடித்துவிட்டுப் போய்விட்டாள். அவள் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டு, "இப்பச் சொன்னேன்ல, அத அப்படியே இங்கிலீஷ்ல எழுதிக்குடு" என்றார்.

அன்றைக்கு நான் எழுதியது மாதிரி ஒரு வரியை இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் எழுதியதில்லை. "த ஆபரேட்டர் ஹூ மே ஹேவ் லெஃப்ட் த வால்வ் ஓப்பன், அண்ட் ஹூ ஷுட் ஹேவ் செக்ட் இட் அகெய்ன்." மூடாமல் விட்டிருக்கக்கூடியவர், இன்னொரு தடவை சரிபார்த்திருக்கவேண்டியவர் என்று. முன்பாதியில் சந்தேகம், பின்பாதியில் கடமை. "மே" அவரைக் காப்பாற்றினால் "ஷுட்" அவரைப் பிடித்துக்கொடுத்துவிடும், அந்தப் பின்பாதியையாவது விட்டுவிடலாமே என்று கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. யூனியன்காரர்களுக்குக் கோபம், அதிகாரிக்கு எரிச்சல். ஆனாலும் கடைசியில் அறிக்கையில் அந்த வரிதான் ஏறியது. நீ பார்த்த செய்தியை எழுதியவர் அதிலிருந்து "மே"யையும் "ஷுட்"டையும் உருவிப்போட்டுவிட்டு மிச்சத்தைப் போட்டிருக்கிறார், அவருக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. அப்பாவை மெஷின் ரூமிலிருந்து எடுத்து லோடிங்கில் போட்டுவிட்டார்கள். இந்த வயதில் லாரிக்கும் ஐஸ் கட்டிக்கும் நடுவே நின்று டோக்கன் கிழிக்கிறார், கை விறைத்துப்போய் வருகிறது, வெந்நீரில் வைத்தபடி அரைமணி உட்கார்ந்திருக்கிறார். போலீஸ் கேஸ் இன்னும் முடியவில்லை. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் நெட்டையன் வேலைக்குத் திரும்பிவிட்டார், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அவருக்கும் லோடிங்கில்தான். பகல் முழுக்க ஒரே மேடையில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருக்கிறார்கள். சாயங்காலம் கையுறையைக் கழற்றும்போது அவரே பக்கத்தில் வந்து, "அண்ணே, உங்க மேல கோபம் இல்லன்னு சொல்லணும்னுதான் வந்தேன். சொல்ல வரல. இப்ப இருக்கு. போகப்போக இல்லாமயும் போகலாம். போகாமயும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்பா வீட்டுக்கு வந்து இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார், ஒரு சொல் மாறாமல். "பொய் சொல்லாமப் பேசிட்டுப் போறான் பாரு" என்றார். அதற்குப் பிறகு தட்டை எடுத்துக்கொண்டு தானே வந்து உட்கார்ந்தார், இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாணவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்கிறது. உனக்குச் செய்தி அனுப்பியவரோடு மல்லுக்கு நிற்காதே. அப்பாவைக் கூப்பிடும்போது நீங்க பண்ணியிருக்கவே மாட்டீங்கப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே, பாசத்தில் வாயில் வந்துவிடும், அதை அவரால் தாங்கமுடியாது. லோடிங் மேடையில் குளிர் எப்படி இருக்கிறது, கைக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேள், பேசுவார். நீங்கள் இரண்டு பேரும் குறையில்லாமல், கண்ணும் மனசும் தெளிவாக நீண்டகாலம் வாழவேண்டும். இருமலுக்கு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா