மீன்கொத்திப் படம் காணாமல் போன வாரம்

மார்ச் 3, செவ்வாய்

நூல் சேகரிப்போர் சங்கத்துக்கு முப்பது வயது ஆகிறதாம், மலர் போடுகிறார்கள். வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மருந்துக்கடைக்காரர் எழுதினால் அளவாக இருக்கும் என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பழைய பதிவேடுகள் ஒரு மூட்டையாக வீட்டுக்கு வந்துவிட்டன. இனி நாம் வாசலில்தான் படுக்கவேண்டும் என்கிறாள் மனைவி.

மார்ச் 5, வியாழன்

மூன்று பக்கம் ஓடியது. ஆரம்பத்தில் ஏழு பேர், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஞாயிறு மாலைக் கூட்டம். பாதிப் பேர் வீட்டில் பொய் சொல்லிவிட்டு வருவோம். பல்வலி என்றே ஒருவர் ஒரு வருடம் ஓட்டினார்.

எங்கள் 'சுற்று' பற்றியும் எழுதினேன். ஒருவருடைய அரிய புத்தகம் துணிப்பையில் வீடு வீடாகப் போகும், வீட்டுக்கு ஒரு வாரம். கைமாறும்போது வாங்குபவர் பக்கங்களையும் படங்களையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சீட்டில் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்துப் போட்டால் பொறுப்பு அவருடையது. இதை எழுதும்வரை ஒன்றுமில்லை. எழுதி முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

பதினோராம் ஆண்டுப் பதிவேட்டைத் திறந்தேன். மூடினேன்.

மார்ச் 9, திங்கள்

கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்பதில் நின்றுவிட்டது. மறுபடி எண்ணினேன், மறுபடி முப்பத்தொன்பது. எதிரே நின்ற அம்மாள் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மருந்துக்கடைக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

காதருகே அதே குரல். "உங்ககிட்டேர்ந்து வர்றதையா எண்ணணும்?"

பத்தொன்பது வருடமாகக் கேட்கிறேன். கழுத்தில் இஞ்சு டேப்போடு யாராவது தெருவில் போனால் உள்ளே போய்ப் பெட்டிகளை அடுக்குகிறேன். எங்கள் சங்கத்துத் தையல்காரர், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர், போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. போனவர் இப்படியா வந்து வந்து போவார்?

மார்ச் 12, வியாழன்

எழுதித் தொலைக்கிறேன். இந்த நோட்டுக்காவது தெரியட்டும்.

பல் டாக்டரின் பறவைப் புத்தகம் சுற்றில் வந்தது. கையால் வண்ணம் தீட்டிய நாற்பது படங்கள். என்னிடமும் அதே புத்தகம் உண்டு. ஆனால் முப்பத்தொன்பதுதான், மீன்கொத்தி இல்லை. நான் திருடன் இல்லை என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன் — அந்த ஒரு வாரம் தவிர.

கத்தி படக்கூடாது, தடம் தெரியும். ஈர நூலை ஏட்டின் அடிமடிப்பில் வைத்து மூடினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாள் தானாகக் கையோடு வந்தது. அடுத்து தையல்காரர் வீடு, சுற்றில் அதுதான் கடைசி. பையை நீட்டினேன். எண்ணுங்கள் என்றுகூடச் சொன்னேன். அவர் சிரித்தார், இன்றும் என் காதில் கேட்கிற அந்த வார்த்தையைச் சொன்னார், எண்ணாமலே கையெழுத்துப் போட்டார்.

கூட்டத்தில் டாக்டரிடம் புத்தகம் திரும்பியபோது ஒரு படம் குறைந்தது. நான் மறந்த நூல் துண்டு மேசையில் விழுந்தது. நூல் என்றதும் எல்லாக் கண்ணும் தையல்காரர் பக்கம் போயிற்று. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் மற்றவர்களோடு சேர்ந்து அவரைத்தான் பார்த்தேன். அவர் நூலை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார், வைத்துவிட்டு எழுந்து போனார். அவரை நீக்கிய தீர்மானம் என் கையெழுத்தில் இருக்கிறது. அப்போது செயலாளர் நான்தானே.

மார்ச் 15, ஞாயிறு

தையல்காரரின் மகள் கடைக்கு வந்தாள். பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாளாம். மலர் வருவதைக் கேள்விப்பட்டு, எழுதுவது நான் என்று விசாரித்து வந்திருக்கிறாள்.

"அப்பாவப் பத்தி என்ன எழுதப் போறீங்க சார்? அம்மா கேட்டா நான்தான் படிச்சுக் காட்டணும்."

அன்றைக்குப் பிறகு அவர் ஒரு புத்தகம் வாங்கவில்லையாம். இருந்தவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டாராம். அந்த நூலைப் பற்றி மட்டும் மகளிடம் ஒருமுறை பேசியிருக்கிறார்.

"தையல் நூல்னா முறுக்கு இருக்கும், அது பொட்டலம் கட்டுற நூல்னாரு. யாரோடதுன்னு கேட்டேன். வேணாம்மா, பேரு கெட்டு ஒருத்தன் வீட்ல உக்காந்தா போதும்னாரு."

எங்கள் சங்கத்தில் கடை வைத்துப் பொட்டலம் கட்டியவன் நான் ஒருவன்தான்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மேசையிலேயே தெரிந்திருக்கிறது. அப்புறமும் என் கடையில்தான் மருந்து வாங்கினார், ஒவ்வொரு தடவையும் சௌக்கியமா என்று கேட்டார். ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்.

மகளிடம் வாய் திறக்கவில்லை. நல்லபடியாக எழுதுகிறேன் என்றேன்.

மார்ச் 16, திங்கள்

நல்லபடியாக எழுதுவதாம். வெட்கங்கெட்டவன்.

மார்ச் 22, ஞாயிறு

கூட்டத்தில் என் புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்து, மீன்கொத்தியை எடுத்துக் காட்டிச் சொல்லிவிட்டேன். தலைவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார், வெளியே கேட்டுவிடுமாம். பல் டாக்டரும் இல்லை, தையல்காரரும் இல்லை, எல்லாம் ஓய்ந்தாயிற்று, இப்போது ஏன் கிளறுகிறீர்கள் என்றார் ஒருவர். பதினோராம் ஆண்டை மட்டும் விட்டுவிட்டு அச்சுக்குக் கொடுக்கலாம் என்று முடிவாகும் போலிருந்தது. அப்படியானால் என் பெயரையும் விட்டுவிடுங்கள் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மகளுக்குப் போன் செய்தேன். எல்லாம் சொன்னேன். 

"இத எங்கம்மாகிட்ட வந்து நீங்களே சொல்லணும்" என்றாள்.

மார்ச் 29, ஞாயிறு

போனேன். மூன்றாம் மாடி, இரண்டு சிறிய அறை. அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். மகள் நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னேன். நூல், தாள், தீர்மானம், ஒன்றும் விடவில்லை.

திட்டுவார் என்றிருந்தேன், அதற்குத் தயாராகத்தான் போனேன். மடித்துக்கொண்டிருந்த துண்டு கையிலேயே நின்றது.

"எடுக்கலன்னு சொன்னாரு. ஒரே ஒரு தடவ சொன்னாரு" என்றார். அப்புறம் மகளைப் பார்த்தார், என்னை அல்ல. "நான்தான் நம்பல."

மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்னைப் போகச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.