கோடிட்ட இடம்

சிங்கப்பூரில் இரவு வேலை முடித்து, எல்லை தாண்டி மலேசிய வீட்டுக்கு வந்து தூங்கும் கணவனுக்கு, தேன்மொழி மகளின் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்:

“மீன் கறி அடுப்புல இருக்கு. யாழினிக்கு ஏழாம் வாய்ப்பாடு கேளுங்க. சின்னவனுக்கு மலாய் வாசிப்பு பாக்கி. ‘வீட்லதானே இருக்கே’ன்னு நேத்து சொன்னீங்க. அதான் பஸ் ஏறி ஜேபி டவுனுக்குப் போறேன். ____ மணிக்கு வருவேன்.”

அடியில் நெருக்கி, “கேட் சாவி பிரிட்ஜ் மேல. கறிய சூடு பண்ணிக்குங்க” என்று சேர்த்தாள்.

மணியை எழுத மனம் வரவில்லை. நான்கு வருடமாகப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்திப் பயிற்சித்தாள் தயாரித்த கை, அங்கே தானாகக் கோடு போட்டிருந்தது.

செருப்பை மாட்டும்போது யாழினி தாளோடு ஓடிவந்தாள். “கோடிட்ட இடத்த நிரப்பிட்டேம்மா. பன்னண்டு. அப்பதானே எனக்கு சயின்ஸ்.”

கடிகாரம் பதினொன்றைக் காட்டியது. தேன்மொழி பழக்கத்தில் சிவப்புப் பேனா எடுத்து, ‘சரி’ போட்டாள்.