மாப்பிள்ளை பகுதியாக வந்த மூன்று எக்ஸ்போசித்தோக்கள்

ஸ்ட்ரெதம், இலண்டன்
மார்ச் 4, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கம்சிகாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் தம்பி நிருஜனும் முருகன் அருளால் குறையில்லாமல் இருக்கிறோம், ஸ்பெயினில் நீயும் மனுவேலும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன், ஏனென்றால் நீ மூன்று கிழமையாகத் தொலைபேசியை எடுக்கவில்லை, குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டும் போய்விட்டாய், நகுலேஸ்வரி மாமி வெள்ளிக்கிழமைகளில் அனுப்பும் முருகன் படங்களுக்கு இப்போது நான் ஒருத்திதான் கைகூப்பிக்கொண்டிருக்கிறேன். கடைசியாக நீ கதைத்தபோது சொன்னது மறக்கவில்லை. "அவருடைய ஆக்கள் ஆர் எண்டு அப்பா இன்னொருக்கால் கேட்டால், கலியாண எழுத்தை இங்கயே முடிச்சுப்போட்டு உங்களுக்குப் படம் அனுப்புறன்" என்றாய். உனக்குத் தெரியாத ஒன்று, மனுவேல் எனக்கு ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். தன் பெயரால்தானே இவ்வளவும், ஆகவே பதின்மூன்றாம் திகதி வியாழக்கிழமை பதிவு அலுவலகத்துக்குப் போய் எக்ஸ்போசித்தோ என்ற குடும்பப் பெயரை எடுத்துவிட்டுத் தாயின் பெயரான மொரேனோவை முதலில் போடப்போகிறேன், மாமாவுக்கு அது சந்தோஷமாக இருக்குமா என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தார். அவரை நிறுத்த நீதான் சரியான ஆள், அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ கையெழுத்து வைத்தால்தான் தபாற்காரர் தருவார், ஆகவே வரவில்லை என்று சொல்லமாட்டாய்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். மனுவேல் எக்ஸ்போசித்தோ மொரேனோ என்று நீ அவருடைய முழுப் பெயரை அனுப்பிய அன்றே நான் வேலை முடிந்து வரும் வழியில் நூலகத்துக்குப் போய், ஸ்பானியக் குடும்பப் பெயர்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை நின்றபடியே வாசித்தேன். அந்தப் பெயருக்கு லத்தீனில் வெளியே வைக்கப்பட்டது என்று பொருள். அந்தக் காலத்தில் அங்கே வளர்க்க முடியாத குழந்தையைக் கொண்டுபோய்க் கன்னியர் மடத்துச் சுவரில் இருக்கும் சுழலும் மரப்பெட்டிக்குள் வைத்துத் திருப்பிவிட்டால் குழந்தை உள்ளே போய்விடுமாம், வைத்தவரின் முகம் எடுத்தவருக்குத் தெரியாதாம், அப்படி வந்த பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் எழுதும் இடத்தில் இந்தச் சொல்லை எழுதிவிட்டார்கள். நூறு வருடத்துக்கு முன் சட்டம் ஒன்று வந்து விரும்பியவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்றதும் பலர் மாற்றினார்கள், பலர் மாற்றவில்லை. புத்தகத்தில், அந்தப் பெயர் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கறுப்பாகக் காட்டும் ஒரு வரைபடமும் இருந்தது. நீ இருக்கும் ஹயேன் மாகாணம் நல்ல கறுப்பு, கானரித் தீவுகள் கறுப்பு, பிறகு கப்பலேறிக் கியூபா, ஆர்ஜென்டினா வரை புள்ளி புள்ளியாக, இத்தாலியில் ஓரெழுத்து மாறி நேப்பிள்ஸ் முழுவதும். பார்த்தால் ஒரு பெரிய குடும்பம் பெருகிப் பரவினது போல இருந்தது, ஆனால் விடப்பட்ட பிள்ளைகளை எடுத்து வளர்த்த வீடுகள் எங்கெங்கே இருந்தனவோ அங்கங்கேதான் அந்தக் கறுப்பு. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்து புட்டு அவித்தேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா என்ன சொல்வாரோ என்ற பயம் பாதி, வாசித்ததை வெளியே விடாத என் குணம் பாதி. நான் வாயைத் திறந்திருந்தால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்காது.

நம் வழக்கம் உனக்குத் தெரியும்தானே. சாதகம் பார்க்க முதல் விசாரிப்பு. மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்கக்கூடாது, அவர்களைத் தெரிந்த மூன்றாம் ஆளைக் கேட்கவேண்டும், அவர் ஓம் நல்ல சனம்தான், ஆனால் என்று இழுப்பார், அந்த ஆனாலுக்குப் பின்னால் வருவதற்காகத்தான் தொலைபேசி எடுத்ததே. ஸ்பெயினில் மூன்றாம் ஆளுக்கு அப்பா எங்கே போவார். ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் இறைச்சிக் கடை வைத்திருக்கும், ஸ்பானிய மொழி கதைக்கும் எக்குவடோர் நாட்டு அம்மாவிடம் போய் உங்களுக்கு ஹயேன் பக்கம் எக்ஸ்போசித்தோ ஆக்களைத் தெரியுமோ என்று கேட்டார், அந்த அம்மா ஒரு இறாத்தல் மாட்டிறைச்சி வெட்டித் தந்தார், அப்பா வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கி வந்து பக்கத்து வீட்டில் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் தமக்கை நகுலேஸ்வரி மாமியிடம் போனார். கிழக்கு இலண்டனில், பார்க்கிங்கில் இருந்துகொண்டு மாமி எத்தனை சம்மந்தங்களை விசாரித்துக் கட்டியும் குழப்பியும் இருக்கிறார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜெர்மனியில் பதினாலு வருடம் இருந்தவர் என்பதால் ஐரோப்பாவில் தனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு வேறு. "தம்பி, எங்கட பேருக்குப் பின்னால வாறது தேப்பன்ர பேர். அவங்களுக்கு அப்பிடி இல்லை, அது குடும்பப் பேர். அப்ப ஒரே பேரெண்டால் ஒரே குடும்பம்தானே, இலண்டனிலை ரெண்டு பேர் இல்லாமல் போவினமோ" என்றார். யோசித்துப் பார்த்தால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. நம் வீட்டில் அப்பாவுக்கு ஒரு பெயர், எனக்கு ஒன்று, உனக்கும் நிருஜனுக்கும் ஒன்று, புதுத் தபாற்காரர் இது வாடகைக்கு அறை விடும் வீடு என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். குகதாசன் என்ற குடும்பப் பெயர் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று மனுவேலின் தாய் உன்னைக் கேட்டதாகச் சொன்னாய். நீ ஒரு ஆள், நிருஜன் ஒரு ஆள், பரவல் அவ்வளவுதான்.

மாமி ஒன்றரைக் கிழமையில் மூன்று பேரைப் பிடித்துவிட்டார். பார்க்கிங்கில் பல் வைத்தியராக இருக்கும் லூர்தெஸ் எக்ஸ்போசித்தோ, கானரித் தீவுக்காரி, ஏறக்குறைய என் வயது. நடனம் சொல்லிக்கொடுக்கும் ஒஸ்வால்டோ எக்ஸ்போசித்தோ, கியூபாக்காரர், பேருந்துத் தரிப்பிடத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் அகப்பட்டவர். மூன்றாவது பீட்சாக் கடை வைத்திருக்கும் ஜெனாரோ எஸ்போசித்தோ, நேப்பிள்ஸ்காரர், அறுபத்தொரு வயது. இவருக்கு ஓரெழுத்து வேறு, நாடும் வேறு என்று நான் சொன்னேன். மாமி தன் மூன்று தம்பிமாரின் பாஸ்போர்ட்டிலும் தேப்பனின் பெயர் மூன்று விதமாக இருப்பதை நினைவுபடுத்தி என் வாயை அடைத்தார். மூவருக்கும் உங்கள் குடும்பத்தில் ஒரு கலியாணம், ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக்கு வாருங்கள், வரும்போது தட்டில் ஏதாவது கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். பல் வைத்தியர் ஒரு நோயாளியின் நன்றியறிதல் என்று நினைத்துக் கேக்கோடு வந்தார், நடனக்காரர் கலியாணத்துக்கு ஆடப் பழக்கவேண்டும் என்று நினைத்துப் பழங்களோடும் ஒலிபெருக்கியோடும் வந்தார், ஜெனாரோ பெரிய ஓடர் என்று நினைத்து மூன்று விதப் பீட்சாவை மாதிரிக்குக் கொண்டுவந்தார். மூன்று தட்டு, ஒற்றை எண்ணிக்கை, மாமிக்குப் பரம திருப்தி. வாசலில் வைத்துச் சந்தனம், குங்குமம், பன்னீர் எல்லாம் நடந்தது. மூவரும் ஒருவரையொருவர் அதற்கு முன் கண்டதேயில்லை, ஆனால் ஒரே பெயர் என்று தெரிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அதைக் கண்ட மாமி பார்த்தீரா யசோ என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்தார். மனுவேல் என்று ஒருவரைத் தங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் சொன்னதையும் மாமி விசாரிப்பில் எல்லோரும் சொல்கிற பொய்யாகவே எடுத்துக்கொண்டார்.

அப்பா அவர்களைச் சோபாவில் வரிசையாக இருத்திவிட்டு எதிரே கதிரையைப் போட்டு, யார் மூத்தவர் என்று கேட்டார். ஜெனாரோ கையைத் தூக்கினார். அப்படியென்றால் நீங்கள்தான் மாப்பிள்ளையின் பெரியப்பா முறை என்று அப்பா சொல்ல, அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றார். சொன்னால் நம்பமாட்டாய் பிள்ளை, அந்த நிமிடத்திலிருந்து அவர் பெரியப்பாவாகவே மாறிவிட்டார். குடும்பத்தில் சீனி வருத்தம் போல நோய் ஏதும் உண்டா என்று மாமி கேட்டால் எங்கள் பக்கம் இல்லை, உங்கள் பக்கம் எப்படி என்கிறார். உன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் பெண் வடிவு, ஆனால் ஏன் இவ்வளவு மெலிவு, சாப்பாடு கொடுப்பதில்லையா என்று என்னைக் கேட்கிறார். ஒஸ்வால்டோ பயித்தம் பணியாரத்தை ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிட்டபடி தம்பி முறையில் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அப்பா முக்கியமான கேள்விக்கு வந்தார். உங்கள் பெயரின் பூர்வீகம் என்ன, எந்த ஊர், எப்படிப்பட்ட பரம்பரை என்று கேட்டார். நான் கையில் தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றுவிட்டேன். பல் வைத்தியர்தான் சொன்னார். பல்லில் ஓட்டை இருக்கிறது என்று சொல்கிற மாதிரி, கூட்டாமல் குறைக்காமல், சுவர், பெட்டி, பிள்ளை, பெயர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நாங்கள் மூன்று பேரும் சொந்தம் என்று யாராலும் காட்ட முடியாது, சொந்தமில்லை என்றும் யாராலும் காட்ட முடியாது" என்று முடித்தார்.

ஒஸ்வால்டோ மெல்லுவதை நிறுத்திவிட்டார். மாமி எழும்பிச் சேலையைச் சரிசெய்துகொண்டு ஆங்கிலத்தில் சொன்னால் மரியாதையில்லை என்று தமிழில் சொன்னார். "தம்பி, இது சரிவராது. தேப்பன் ஆரெண்டு தெரியாத சனத்துக்கை எங்கட பிள்ளையைக் குடுக்க ஏலாது." மொழி தெரியாவிட்டாலும் முகம் தெரியும்தானே. ஜெனாரோ எழும்பினார், மீதிப் பீட்சாவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார், எங்கள் பையனுக்கு வேறு பெண் பார்த்துக்கொள்கிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தான் ஒருநாளும் கண்டிராத ஒரு பையனுக்காக அவர் சம்மந்தத்தை முறித்துவிட்டார். மற்ற இருவரும், என்ன செய்வது, பெரியவர் சொல்லிவிட்டாரே என்பது போலப் பின்னால் போனார்கள். மாமி நல்லதாய்ப் போச்சு என்றார். அப்பா கதவைப் பார்த்தபடி நின்றார், பிறகு, யசோ, அவை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் போகினம், என்று எனக்கே அதை அறிவித்தார். இத்தனை மாதமாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தான் என்பது அவருக்கு மறந்தே போய்விட்டது. பெண் வீட்டாரைப் பார்த்து மாப்பிள்ளை பகுதி எழும்பிப் போவது என்பது அவருடைய ஏழு தலைமுறைக்கும் தாங்காத காரியம். வீட்டுச் செருப்போடு வெளியே ஓடினார். பின்னால் நான் போனபோது பேருந்துத் தரிப்பிடத்தில் வரிசையில் நின்ற அவ்வளவு பேருக்கும் முன்னால் ஜெனாரோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என் மகள் நல்ல பிள்ளை, படித்த பிள்ளை, மெலிவு அவளுடைய உடம்பு வாகு, உங்கள் பையன் அவளுக்காகத் தன் பெயரையே எடுத்தெறியத் தயாராக இருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்துக்கொண்டிருந்தார். மனுவேலின் மின்னஞ்சல் அவருக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய், நான் திறந்தபடியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன், வாசித்திருக்கிறார், அவரும் என்னிடம் மூச்சுவிடவில்லை. ஜெனாரோ இரண்டு பேருந்துகளைப் போகவிட்டுவிட்டுக் கேட்டார், ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். அந்தப் பெயரைப் பற்றிப் பெண் வீட்டில் இனி ஒருவரும் குறைவாகக் கதைக்கக்கூடாது, பையனும் அதை மாற்றக்கூடாது. அப்பா கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தார். வரிசையில் நின்ற பெண் ஒருத்தி கைதட்டினாள்.

மாமியை அப்பா ஒரு சொல்லால் சமாளித்தார். "அக்கா, நாங்கள் எத்தினை இடம் விசாரிச்சம், ஏதாவது ஒரு குறை வராமல் விட்டதோ? இது ஒண்டுதான் விசாரிச்சு முடிஞ்ச இடம், இனி வெளியில வர ஒண்டுமில்லை" என்றார். மாமி இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு இன்று காலை அழைத்து, அந்தப் பல் வைத்தியர் லூர்தெஸ் கலியாணம் கட்டினவரோ, ஐம்பது வயதாகியும் கட்டாமல் இருக்கிற எங்கள் ஊர்ப் பத்மநாதனின் மூத்தவனுக்குப் பொருந்துமோ என்று கேட்டார், நான் விசாரிக்கச் சொன்னேன். நிருஜன் ஒஸ்வால்டோவிடம் நடனம் பழகப் போகிறானாம். உனக்கு நான் தைப்பித்த சட்டைகளை இந்தக் கிழமை அனுப்புகிறேன், இருமல் இருக்கிறது என்று போன மாதம் சொன்னாய், கொத்தமல்லி அவித்துக் குடி, குளிர்நீரில் தலை முழுகாதே. நான் வாசித்த அன்றே உனக்கும் அப்பாவுக்கும் சொல்லியிருக்கவேண்டும், நீயும் தெரிந்துகொண்டே எங்களிடம் சொல்லாமல் இருந்தாய் என்றுதான் நினைக்கிறேன், அந்தக் குணம் என்னிடமிருந்துதான் வந்திருக்கவேண்டும், அதை மட்டும் என்னைப் பார்த்துப் பழகாதே.

நேற்று அப்பாவும் நானும் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் ஆவணியில் நாள் கேட்டோம். ஐயர் ஒரு படிவம் தந்தார். மாப்பிள்ளையின் கோத்திரம் தெரியாது என்றோம், தெரியாத எல்லோருக்கும் சிவகோத்திரம்தான், பாதிப் பேருக்கு அதுதான் சொல்கிறேன் என்றார். ஆனால் தாரை வார்க்கும்போது மாப்பிள்ளையின் தகப்பன், தகப்பனைப் பெற்ற பேரன், பூட்டன் மூன்று பேரின் பெயரையும் சொல்லவேண்டுமாம். அப்பாவின் முகம் மாறியது. இந்தப் பெயர் தன் பூட்டனோடுதான் தொடங்கியது என்று மனுவேல் மின்னஞ்சலில் எழுதியிருந்தது இருவருக்கும் தெரியும்தானே, ஆகவே பெட்டிக்குள் வைக்கப்பட்டவர் அந்தப் பூட்டன்தான், அப்பா விரலை மடித்து மடித்து எண்ணிப்பார்த்தார். பூட்டனுக்கு அங்காலை கேக்கிறேல்லையோ ஐயா என்று மெதுவாகக் கேட்டார். "உங்கட கலியாணத்திலையும் ஒருத்தரும் கேக்கேல்லையே குகதாசன்" என்று சொல்லிவிட்டு ஐயர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். படியிறங்கிக் கீழே வந்ததும் அப்பா, அந்தப் பிள்ளைக்கு மடத்தில் என்ன பெயர் வைத்தார்களாம் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மனுவேலிடமோ அவருடைய தகப்பனிடமோ கேட்டு எழுது. குடும்பப் பெயர் எங்களிடம் இருக்கிறது, அதற்கு முன்னால் அந்தக் குழந்தையை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதுதான் வேண்டும். படிவத்தில் அந்த இடத்தில் அப்பா பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டு வைத்திருக்கிறார், ஐயர் பிழையாக உச்சரிக்காமல் இருக்க முன்னரே தான் பாடமாக்கவேண்டுமாம்.

இரண்டு பேரும் நூறு வருடம் சண்டை பிடித்துச் சமாதானமாகி நன்றாக இருங்கள், என் முருகன் உங்கள் பக்கம் இருப்பான். பதின்மூன்றாம் திகதி வியாழக்கிழமை மனுவேலை வீட்டை விட்டு வெளியே போக விடாதே, தேவையென்றால் கதவைப் பூட்டு. பெயர் கிடைத்தவுடன் தொலைபேசி எடு, எனக்கு எடுக்க மனமில்லாவிட்டால் அப்பாவுக்கு எடு, அவர் பென்சிலோடு இருக்கிறார்.

என்றும் உன் மேல் அன்புள்ள அம்மா,
யசோதினி