காலையில் மாறும் எண்

ஜனவரி 14, செவ்வாய்

மூன்றாவது முறை. நேற்று மாலை வானொலிக் கொட்டகையைப் பூட்டும்போது ஏரியல் சுருள் மீட்டரில் 4.52 மில்லிஹென்றி காட்டியது. இன்று காலை 4.23. யாரும் தொடவில்லை. சாவி என் கழுத்திலேயே கிடக்கிறது.

நான் சுற்றிய சுருள்களில் இது நல்ல சுருள். உடைத்த தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து கழற்றிய ஃபெரைட் காந்தக் கரு, லாட வடிவில் இரண்டு அரைகள், பீங்கான் போலக் கடினம், கரி போலக் கறுப்பு. பிளாக்பூல் சந்தையில் பழைய சாமான் மேசையடியில் பொறுக்கினேன். தாழ்ந்த அலைவரிசையில் ஏரியலை இசைய வைப்பது இந்தச் சுருள்தான். அதன் எண் கொஞ்சம் நகர்ந்தாலும் நான் அனுப்பும் மோர்ஸ் புள்ளியும் கோடும் பக்கத்து ஊர் மோர்கேமில் இருக்கும் நண்பர் சிரிலின் கணினித் திரைக்குக்கூடப் போய்ச் சேராது.

சுருளின் எண் தானாக நகராது. அப்படியென்றால் நான் தவறாக எழுதினேனா? நானா?

என் கணவர் ஜெரார்டுக்கும் மறதி எண்களில்தான் தொடங்கியது. கப்பல் பட்டறையில் வரைபடம் போட்டவர். ஒரு நாள் அளவுகோலை நான் இடம் மாற்றிவிட்டேன் என்றார். கடைசியில் என்னை யாரென்று கேட்டார். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஜனவரி 15, புதன்

வீடு துடைக்க டோரின் வந்தாள்.

“டோரின், கொட்டகைக்குள்ள போனியா?”

“அந்தச் சிலந்திக் குகைக்கா? காசு குடுத்தாலும் போக மாட்டேன், கண்ணு. ஏன், ஏதாச்சும் காணோமா?”

கண்ணாம். மடத்துப் பள்ளியில் சிஸ்டர் இக்னேஷியஸ்கூட என்னை மிஸ் என்றுதான் அழைத்தார். ஆனால் எனக்கு வியர்த்தது அதனால் அல்ல. நான் அவளைக் கேட்டது ஜெரார்டின் குரலில். அதே சந்தேகம், அதே இழுப்பு.

ஜனவரி 17, வெள்ளி

நேற்று மாலை 4.52. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தரம் பார்த்தேன். இன்று காலை 4.20. இயேசுவே.

ஜனவரி 20, திங்கள்

சிரில் போன் செய்தார். கப்பலில் வானொலி அதிகாரியாக இருந்தவர். இன்னமும் நடுக்கடலில் நின்று பேசுவது போலக் கத்துவார்.

“வினிஃப்ரெட், நேத்து திரையில உங்க கோடு பேய் மாதிரி இருந்துச்சு. இருக்கா இல்லையான்னே தெரியல. நான் வந்து அந்தச் சுருளை ஒரு தடவை அளந்து பாக்கட்டுமா?”

“நான் அளந்தது போதாதா?”

“ஐயோ, அப்படிச் சொல்லல. ரெண்டு ஜோடிக் கண்ணு பாத்தா நல்லதுதானே.”

வேண்டாம் என்றேன். முரட்டுத்தனமாகச் சொன்னேன். அவர் கையில் அந்த எண் நகராமல் நின்றுவிட்டால்? அவர் அளக்காதவரை எனக்கு எதுவும் உறுதியாகத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

ஜனவரி 22, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

விடியலிலிருந்து மழை. குளிர் தாங்காமல் கொட்டகையில் ஹீட்டரைப் போட்டுவிட்டு மீட்டர் முன் உட்கார்ந்திருந்தேன். என் கண் முன்னாலேயே எண் ஏறியது. 4.23, 4.30, 4.38. ஃபெரைட்டின் இரண்டு அரைகளுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி வேண்டும். அதற்கு அட்டை வைத்திருந்தேன். ஜெரார்டின் அடக்கத்துக்கு அச்சடித்த நினைவு அட்டைகள், அளவுக்கு மேல் வந்து மிஞ்சியவை. நல்ல கெட்டி அட்டை, வீணாக்குவானேன் என்று கத்தரித்துக்கொண்டேன். இரவின் ஈரத்தில் அது உப்புகிறது. இடைவெளி அகலமாகிறது, எண் இறங்குகிறது. ஹீட்டர் காய வைத்தால் ஏறுகிறது.

என் தலை சரியாகத்தான் இருக்கிறது. அட்டைதான் சரியில்லை. சிரிலைக் கூப்பிட்டுச் சொன்னேன், சிரித்தோம். அட்டைக்குப் பதில் மைக்காத் தகடு வைக்கலாம், அது ஈரம் குடிக்காது. பழைய டோஸ்டரில் இருக்கிறது.

இன்று தூங்குவேன்.

ஜனவரி 23, வியாழன்

மைக்காவில் நான்கு துண்டு வெட்டி மேசை மேல் வைத்தேன். விரல்கள் மரத்துவிட்டன. மாட்டுவது நாளைக்கு.

ஜனவரி 26, ஞாயிறு

சளி, காய்ச்சல். பூசைக்குப் போகவில்லை. லீட்ஸிலிருந்து பெர்னடெட் போன் செய்தாள்.

“அம்மா, இங்க வந்துடுங்களேன். மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு.”

“எழுபது அடி ஏரியல் கம்பியை உன் மாடி ரூம்ல எங்க கட்டுறது?”

“அம்மா!”

என் மகளுக்கு வாதாடத் தெரியாது. அப்பாவைப் போல.

ஜனவரி 31, வெள்ளி

காய்ச்சல் விட்டது. நேற்று மாலை 4.51. இன்று காலை 4.19.

யாரும் தொடவில்லை. சாவி என்னிடம்தான். தவறாக எழுதினேனா? எப்படி நகரும்? எப்படி? டோரினை மறுபடி கேட்கலாமா? கேட்கக் கூடாது. மாதாவே, ஜெரார்டுக்கு நடந்தது எனக்கு வேண்டாம்.

பிப்ரவரி 3, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்! ஹீட்டரைப் போட்டதும் எண் ஏறுகிறது. நடுவே வைத்த அட்டை! ஈரத்தில் உப்புகிறது. இத்தனை நாள் எப்படித் தோன்றாமல் போயிற்று?

ஆனால் மேசை மேல் மைக்காத் துண்டுகள், நான்கு, ஒழுங்காக வெட்டியவை. என்னைக் கேட்காமல் சிரில் உள்ளே வந்திருக்கிறார். கோபம் தலைக்கேறியது. போனை எடுத்தேன்.

“சிரில், யாரைக் கேட்டு என் கொட்டகைக்குள்ள வந்தீங்க?”

“நானா? என் முட்டி இருக்கிற நெலமைக்கு வாசப்படி எறங்குறதே பெரும்பாடு.”

“அப்ப மைக்காவை யார் வெட்டினது? சரி, அதை விடுங்க. கண்டுபிடிச்சுட்டேன். அட்டை. ஈரத்துல உப்புது.”

போனைத் தட்டிப் பார்த்தேன்.

“லைன் போயிடுச்சா?”

“இல்ல... இருக்கேன்.” அவர் கத்தவில்லை. “வினிஃப்ரெட், இதை நீங்க போன மாசமே என்கிட்ட சொல்லிட்டீங்க. மைக்கா வெட்டப் போறேன்னும் சொன்னீங்க. ஜெரார்டோட அட்டையே காலை வாரிடுச்சுன்னு சிரிச்சோமே.”

போனை வைத்துவிட்டு இந்தப் பக்கங்களைத் திருப்பினேன். ஜனவரி 22. என் கையெழுத்து, சிஸ்டர் அடித்துப் பழக்கிய அதே சாய்வு. படித்தேன். யாரோ எழுதியது போல இருக்கிறது. அந்த மழை எனக்கு நினைவில்லை. சிரித்தது நினைவில்லை.

நினைவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

மைக்கா மாட்டினேன். மாலை 4.52.

பிப்ரவரி 5, புதன்

காலை 4.52.

சுருள்மேல் குற்றமில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

இதை எழுதியே ஆக வேண்டும். இன்று சுருளைச் சரிசெய்யக் கை நீட்டினேன். விரல் கிட்டே போகும்போது ட்ரான்ஸ்மிட்டரின் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது. எரிந்துகொண்டிருந்தது. அது எரியும்போது சுருளின் மேல்முனையில் ஆயிரக்கணக்கில் வோல்ட் நிற்கும். முதலில் அணை, பிறகு தொடு: உரிமம் வாங்கிய நாளிலிருந்து நான் மீறாத விதி. ட்ரான்ஸ்மிட்டரை நான்தான் போட்டிருக்க வேண்டும். போட்டதாகத் தெரியவில்லை.

கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெர்னடெட்டைக் கூப்பிட்டு, டாக்டரிடம் நாள் வாங்கச் சொன்னேன். “எதுக்கும்மா?” என்றாள். சொன்னேன். அவள் அழுதாள். நான் அழவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

மார்ச்சில் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

சிரில் பஸ்ஸில் தடியூன்றி வந்தார். தேநீர் கொடுத்தேன். ட்ரான்ஸ்மிட்டரிலிருந்து கழற்றிய ஃபியூஸை அவர் சாசரில் வைத்தேன்.

“என்ன இது, பிஸ்கட் தீந்துபோச்சா?”

“நீங்க வெச்சுக்கங்க. வரும்போது கொண்டாங்க. நீங்க பக்கத்துல இல்லாம அது ஓடக் கூடாது.”

“இதென்ன பெரிய விஷயம், கடையில போய் இன்னொண்ணு வாங்கிட்டீங்கன்னா?”

“வாங்கணும்னு ஞாபகம் இருந்தா எனக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்.”

சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார், ரொம்ப நேரம்.

பிறகு இருவரும் கொட்டகைக்குப் போனோம். ஃபியூஸை அவர் மாட்டினார். அவர் எண்ணைப் படித்தார், நான் எழுதினேன். தேநீர் ஆறும்வரை அனுப்பினோம், ஒவ்வொரு புள்ளியாக. முடிந்ததும் அணைத்தார், கழற்றினார், சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

“அடுத்து எப்ப வரட்டும்?”

வியாழக்கிழமை என்றேன். அவர் போனதும் சமையலறைக் காலண்டரிலும் எழுதினேன், டோரின் கண்ணில் படும்படி, பெரிதாக.