விருத்தாம்பாள் ஏறினால் நிற்கும் வண்டி

ஏப்ரல் 9, 2025

சுரங்க டவுன்ஷிப்பில் பதினேழாவது வட்டத்து அதிகாரியின் மின்சாரக் காரை இன்று தள்ளிவிட்டேன். வாங்கியவர் வளையமாதேவி கிராமத்துச் சடையப்பன். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர். மனைவி விருத்தாம்பாளுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு நாள் கடலூரில் டயாலிசிஸ். முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது தலை நிற்பதில்லையாம். அதற்குத்தான் கார்.

அதிகாரி ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது வண்டியை என்னிடம் விற்று, மறைக்காமல் சொன்னார். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் சூடேறினால் உறைந்துபோகும். திரை கறுத்து வண்டி நின்றுவிடும். டவுன்ஷிப்புக்குள் மட்டும் ஓட்டினால் தெரியாது. சின்ன பேட்டரியின் வயரைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டினால் மறுபடி ஓடும்.

காலையில் அதைச் செய்துவிட்டுத்தான் ஓட்டிக் காட்டினேன். நான்கு வட்டம் சுற்றினோம். விருத்தாம்பாள் பின்சீட்டில் காலை நீட்டிப் பார்த்து, "படுத்துகினே வரலாம் போலருக்கேண்ணா" என்றாள்.

பழைய வண்டி விற்கிறவன் எல்லாக் குறையையும் சொன்னால் கடையை மூட வேண்டியதுதான்.

ஏப்ரல் 17

சடையப்பன் போன். கடலூரிலிருந்து திரும்பும்போது குறிஞ்சிப்பாடி தாண்டி நின்றுவிட்டதாம். வயரைக் கழற்றி மாட்டச் சொல்லிக்கொடுத்தேன். ஓடியது. மின்சார வண்டி என்றால் இதெல்லாம் சகஜம் என்றும் சொல்லிவைத்தேன்.

ஏப்ரல் 28

மறுபடி. இந்த முறை நானே போனேன். மதிய வெயில். அவள் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தாள், ஊசி ஏற்றிய கையில் கட்டோடு.

"நான் தனியா பக்கத்துல சேத்தியாத்தோப்பு போறேன், வரேன், ஒண்ணும் பண்ணலீங்க. இவ ஏறுனா மட்டும் நின்னுக்குது" என்றார் சடையப்பன்.

"ஆமா, நாப்பது கிலோ. பாரம் தாங்கல பாவம்" என்றாள் அவள்.

மூன்று பேரும் சிரித்தோம். அவள் ஏறுவது கடலூர் போகத்தான். வண்டி அவ்வளவு தூரம் ஓடிச் சூடாவதும் கடலூர் போனால்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

மே 6

கத்திரி வெயில். போகும் வழியிலேயே நின்று, வயரைக் கழற்றி மாட்டியும் கிளம்பவில்லை. கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்துப் போனார்களாம். இன்றைய டயாலிசிஸ் தவறிவிட்டது.

மே 8

புதுச்சேரி சர்வீஸ் சென்டரில் விசாரித்தேன். கம்ப்யூட்டர் போர்டையே மாற்ற வேண்டும், வர ஐந்து மாதம் என்கிறார்கள். சடையப்பனிடம் சொல்லவில்லை. சொன்னால், முதலிலேயே தெரியுமா என்று கேட்பார்.

மே 19

வளையமாதேவிக்குப் போனேன். காரின் முன்னால் திருஷ்டிப் பூசணி உடைத்த குங்குமம். சடையப்பனின் அக்கா காந்திமதி, உள்ளே இருப்பவளுக்குக் கேட்கிற மாதிரியே பேசினாள்: "இவ வந்த வூட்டுல எது தங்குச்சி? நெலம் போச்சி. இப்ப வண்டி. கால வெச்சா ஒண்ணு வெளங்குதா?"

சடையப்பன் தடுப்பார் என்று பார்த்தேன். "எனக்கும் அப்டிதாங்க தோணுது. அவள பஸ்ஸுலயே அனுப்பிச்சிகினு இருக்கேன்" என்றார். இப்போது சிரிக்கவில்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர்.

விருத்தாம்பாள் தண்ணீர் கொண்டுவந்தாள். முகம் ஊதியிருந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 20

என் மனைவி பிரபாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சொன்னா உங்க பேரு போகும். சொல்லலேன்னா அவ உசுரு போகும். எது நஷ்டம்னு நீங்களே பாருங்க, யாவாரிதானே" என்றாள்.

சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டுப்போட்டு மேலே வந்தவன் நான். பேர் என்றால் என்ன என்று இவளுக்குத் தெரியாதா?

மே 21

போகவில்லை.

மே 23

சொல்லிவிட்டேன். மூன்று பேரையும் உட்காரவைத்து, அதிகாரி சொன்னது, நான் வயரைக் கழற்றி மாட்டிக் காட்டியது, எல்லாம். கம்ப்யூட்டர்தான் கோளாறு, இவங்க ஏறினதால் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். காந்திமதி எழுந்து போய்விட்டாள்.

சடையப்பன் அடிப்பார் என்று நினைத்தேன். "தெரிஞ்சிகினேவா குடுத்தீங்க" என்று மட்டும் கேட்டார். பணத்தை முழுதாக வைத்தேன், வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"வண்டிய நீங்க எடுத்துகினு போயிடலாம். நான் அவள பேசுனத எங்க கொண்டுபோயி வுடறது."

விருத்தாம்பாள், "அப்டிங்களா" என்றாள். அவ்வளவுதான். ஏசியிருக்கலாம். ஏன் ஏசவில்லை?

மே 30

போர்டு மாற்றாமல் அந்தக் காரை யாருக்கும் விற்பதில்லை.

ஜூன் 12

குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டில் விருத்தாம்பாளைப் பார்த்தேன். டயாலிசிஸ் முடிந்து வந்து, ஊர்ப்பக்கம் போகும் பஸ்ஸுக்காகத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சடையப்பன் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம், பகல் ஷிப்ட். துணைக்கு ஆள் இல்லை.

என் பெட்ரோல் காரின் பின்கதவைத் திறந்துவிட்டு, "ஏறும்மா, வூட்டுல விட்டுடறேன்" என்றேன்.

காரைப் பார்த்தாள். "வேணாம்ண்ணா."

"அது கம்ப்யூட்டர் கோளாறும்மா. நான்தான் சொன்னேனே."

"சொன்னீங்க." லேசாகச் சிரித்தாள். "இது நல்ல வண்டிண்ணா. நான் ஏறி எதுக்கு."

பஸ் வந்தது. எல்லோரும் ஏறட்டும் என்று ஒதுங்கி நின்றாள். கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகு, கடைசியாக ஏறினாள்.