மூன்றாவது ஒயர்

அன்புள்ள ஹன்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடல் தாண்டி அந்தக் கோதன்பர்க்கில் நீ உடம்பு சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நீ சொல்லாததால் நானாக நம்பிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், பூனை தின்று தின்று வட்டமாகிவிட்டது, காரும் சுகம். காரை எதற்கு இந்த வரிசையில் சேர்த்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட மாட்டுக் கொட்டிலில் இருந்ததுதான் அதிகம் என்று உனக்குத் தெரியும், பிழை இருந்தால் சிரித்துக்கொள், இந்தத் தடவை சிரிக்கிற முறை உன்னுடையது.

அக்டோபரில் மான் வேட்டைக்கு லீவு போட்டு வந்தபோது, நான் தபால் கொண்டுபோகிற கார் சேறும் சகதியுமாக இருக்கிறதே என்று நீயாகவே எஞ்சின் வரை கழுவிக் கொடுத்தாய். அன்றைக்குத்தான் அது உதற ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றும் இல்லை, எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினால் குளிரில் நனைந்த நாய் மாதிரி உதறல். எனக்கு நூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டி, ஒவ்வொன்றிலும் நிறுத்தவேண்டும், ஒவ்வொன்றிலும் உதறல். மறுநாள் மதியம் ஹெல்வி கடைக் காப்பி மேசையில் நீ வந்து, "அம்மா, அந்த மூணாவது பிளக் ஒயர ஒரு தடவ பாரு" என்றாய். நான் பார்த்தேனா? "வாங்க வாங்க, நம்ம குளிப்பாட்டி வந்துட்டாரு, காருக்குத் தல தொவட்டி விட்டீங்களா, காதுல தண்ணி போயிருச்சாமே" என்றேன். மேசை முழுக்கச் சிரித்தது. நீ காப்பியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தாய். அதையும் விடாமல், "பாருங்க, இதையும் கழுவுறான்" என்றேன்.

அதோடு நிறுத்தினேனா, தபாலோடு தபாலாக அந்தப் பேரையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு கதவைத் திறப்பவர்களெல்லாம் "குளிப்பாட்டி ஊருக்குக் கெளம்பிட்டானா?" என்றுதான் கேட்டார்கள். நீ கிளம்பிய காலையில் காரில் ஏறமாட்டேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை நடந்தாய். நான் வாசலில் நின்று இன்னும் ஏதோ கத்தினேன், என்னவென்று எழுதக் கை வரவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. வேலை அதிகம் என்று எழுதினாய். காரணம் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். உறைபனியில் காற்று காய்ந்து கிடந்த நாட்களில் ஒழுங்காக ஓடியது, ஈரப் பனி விழுந்தால் மறுபடி உதறல். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றேன், அதை முறிக்க டேங்கில் ஸ்பிரிட் ஊற்றினேன். பிளக் நாலையும் மாற்றினேன். பெட்ரோல் பங்க்காரனைத் திட்டினேன், பாவம் அவன். போன வாரம் உன் அப்பா, "எல்லாரையும் திட்டியாச்சு, இனி எஞ்சினப் பாப்பமா?" என்றார். எஞ்சினை ஓடவிட்டு ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். முதல் ஒயரைப் பிடுங்கினால் எஞ்சின் இன்னும் தள்ளாடியது, இரண்டாவதும் அப்படியே, நாலாவதும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினேன், ஒரு மாற்றமும் இல்லை. அது ஏற்கெனவே வேலை செய்யவில்லை, அதுதான். கையில் ஒரு ஷாக்கும் வாங்கினேன், பல் வரைக்கும் போனது, எனக்கு வேண்டியதுதான். மூன்றாவது பிளக்கை ஒன்றாவதில் மாற்றிப் போட்டும் பார்த்தோம், கோளாறு மூன்றாவதிலேயே உட்கார்ந்திருந்தது. இங்கே மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறதே, அப்பா முற்றத்து விளக்கை அணைத்தார், நான் பூச்செடிக்குத் தெளிக்கிற புட்டியால் ஒயர் மேல் தண்ணீர் தெளித்தேன். ஹன்னு, நீல நீலமாகப் பொறி பறந்தது. ஒயரிலிருந்து எங்கே பாய்ந்தது தெரியுமா, எஞ்சினைச் சூடாக்க வீட்டுக் கரண்டிலிருந்து மாட்டுகிறோமே அந்த ஹீட்டருடைய இரும்புப் பிடிக்கு. போன வருடம் அதன் ஒயர் தொங்குகிறதே என்று பிளாஸ்டிக் பட்டையால் பிளக் ஒயரோடு சேர்த்து இறுக்கிக் கட்டியது யார்? நான். ஒரு வருடமாக உரசி உரசி பிளக் ஒயரின் மேல்தோல் போய்விட்டது. நீ கழுவியதால் கெடவில்லை, நான் கெடுத்ததை உன் தண்ணீர் காட்டிக்கொடுத்தது. அப்பா விளக்கைப் போட்டுவிட்டு, "அவன் அன்னிக்கே சொன்னான்ல" என்றார், அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தால் கொஞ்சம் அசடு வழிந்துவிட்டுப் போயிருப்பேன். கை துடைக்கத் துணி தேடி டேஷ்போர்டு பெட்டியைத் துழாவினால், என் பழைய கையுறைகளுக்கு அடியில் புது ஒயர் செட் ஒன்று பிரிக்காமல் கிடக்கிறது. பில்லைப் பார்த்தேன். நான் கடையில் உன்னைக் கிண்டல் செய்த அதே நாள், காலை ஒன்பதரை மணி. அப்படியென்றால் மேசையே சிரித்தபோது அந்தப் பெட்டி உன் மேல்சட்டைப் பையில் இருந்திருக்கிறது. டவுனுக்குப் போய் வாங்கிவந்துதான் என்னிடம் சொல்ல வந்தாய், நான் சொல்லவிடவில்லை. அந்தப் பெட்டியைக் கண்ட ராத்திரி உன் அப்பா சாப்பிடக் கூப்பிட்டும் நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ஹெல்வி கடை அறிவிப்புப் பலகையில், விறகு விற்பனைக்கும் காணாமல்போன நாய்க்கும் நடுவில் ஒரு தாள் ஒட்டினேன். ஒயரை இறுக்கிக் கட்டித் தபால் காரைக் கெடுத்தது ரைலியாகிய நான், ஹன்னு சொன்னதுதான் சரி, என்று எழுதி, பழைய ஒயரையும் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டேன். ஹெல்வி கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு, "இனி உன்னக் கட்டுக்காரின்னு கூப்பிடலாமா?" என்றாள். கூப்பிடு என்றேன். இன்றைக்கே மூன்று வீட்டில் கூப்பிட்டுவிட்டார்கள். நன்றாகத்தான் வலிக்கிறது.

ஈஸ்டருக்கு வா. சால்மன் சூப்பும் ஏலக்காய் ரொட்டியும் நான் பார்த்துக்கொள்கிறேன். குளிரில் தொப்பி போடாமல் திரியாதே, கோபம் இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன் கூடவே இருக்கட்டும். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், நீ வாங்கிவைத்த ஒயர்களை நான் மாட்டவில்லை. அப்பா கொட்டகையில் கிடக்கும் பழைய வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார், அதில்தான் ஓட்டுகிறேன். உன் பெட்டி வைத்த இடத்திலேயே இருக்கிறது. நீ வந்து உன் கையால் மாட்டவேண்டும். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன், நாலு ஒயரும் மாட்டி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா, கட்டுக்காரி ரைலி