தேவிக்கு நான் ஊட்டிய சோறு

அடியே, மையத்தில் இன்றைக்குப் பருப்புச்சோறு. நெய் வாசனை மூக்கில் ஏறியதும் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் ஐந்து மாதமாகிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். திட்டுவதானால் திட்டிக்கொள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சிறப்புக் குழந்தைகள் மையத்துக்கு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் உதவ என்னை இழுத்து வந்தவளே நீதான். எனக்குப் பாத்திரமும் தரையும். உனக்குத் தேவி. சிங்கவரத்திலிருந்து வரும் பதினொரு வயதுப் பெண். பேச்சு கிடையாது, கை நடுங்கும். நீ அவளுக்கு ஊட்டவே மாட்டாய். முழங்கையை மட்டும் அடியில் தாங்கிக்கொண்டு, அவளே அள்ளி அவளே வாய்க்குக் கொண்டுபோகும்வரை உட்கார்ந்திருப்பாய். பாதிச் சோறு கீழே விழும். துடைப்பவள் நானல்லவா, எரிச்சல் வரும்.

“நீ தரைக்குத்தாண்டி சோறு போடற” என்பேன்.

“உனுக்கு இன்னா, பஸ்ஸா போவுது? நாளைக்கி அவங்கம்மா இல்லன்னா யாரு ஊட்டுவாங்க?” என்பாய்.

இரண்டு வருஷம் பிடித்தது. தேவி தட்டை வழித்துச் சாப்பிட்ட அன்றும் பருப்புச்சோறுதான். என் முந்தானையை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதாய். அதற்கப்புறம் காய்ச்சல் என்று படுத்தாய். நான்கே நாளில் எல்லாம் முடிந்துபோயிற்று.

நீ இல்லாத முதல் நாள் தேவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், தட்டைத் தொடவில்லை. மறுநாளும் அப்படியே. எனக்கு மனசு கேட்கவில்லை. பிசைந்து ஊட்டினேன், வாங்கிக்கொண்டாள். பத்தே நிமிஷம், ஒரு பருக்கை கீழே விழவில்லை. என் கையால் சாப்பிடுகிறாள் என்று பெருமை வேறு. பாவி, தினமும் அதையே செய்தேன்.

நேற்று அவள் அம்மா வந்தாள். “அக்கா, வூட்லயும் தட்டுல கைய வெக்க மாட்டேங்குறா. ஞாயித்துக்கெழம சோறு போட்டு வெச்சிட்டு கூலிக்கு மல்லாட்டச் செடி புடுங்கப் போனேன். சாயந்தரம் வந்து பாத்தா சோறு அப்டியே இருக்குது, இவ வாயத் தொறந்துகினு குந்தியிருக்குறா” என்றாள்.

உன் இரண்டு வருஷத்தை ஐந்து மாதத்தில் அழித்துவிட்டேன். “நான்தாம்மா கெடுத்தேன்” என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

“அவங்க இவளப் பழக்கறதுக்கு எத்தினி நாளு ஆச்சிக்கா?”

“ரெண்டு வருசம்.”

“நீங்க வருவீங்களா, ரெண்டு வருசம்?”

வருவேன் என்றேன்.

இன்று இடது கையால் அவள் முழங்கையைத் தாங்கி உட்கார்ந்தேன். வெகு நேரம் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள். பிறகு பசியில் அவளுக்குக் கண்ணில் நீர் நிறைந்தது. என் வலது கை தட்டுக்கு ஓடப் பார்த்தது. அதை முந்தானையில் சுற்றி மடியில் அழுத்திக்கொண்டேன். உனக்கும் தினமும் இப்படித்தான் இருந்ததா? நான் தரை துடைக்கிற எரிச்சலைச் சொல்லிக்கொண்டிருந்தேன், நீ இதை ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லையே.